அறுபத்திரண்டாவது அட்டை

வெள்ளைத்தாளில் எதை எழுதினாலும் இடது பக்கம் ஓர் அங்குலம் மடித்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம். கோப்பில் கோக்கும்போது துளை எழுத்தின் மேல் விழக்கூடாது. இருபத்தேழு வருடங்களாக இந்தக் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பாதிப்பேர் மடிப்பதில்லை. நீங்கள் கொடுத்த ஆறு தாள்களையும் முதலில் மடித்து வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் எழுத்து கொஞ்சம் மேலும் கீழும் போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், சசிதர் சார்.

"நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க மேடம், வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்று சொன்னீர்கள். விசாரணை அதிகாரியாக உங்களை நியமித்திருக்கிறார்கள். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தீர்கள். வளர்ப்பு அப்படி. நீங்களும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தானே. இரண்டாம் வருடத்தில் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு என் ஜன்னலுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றீர்கள். எங்கே தொலைத்தீர்கள் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். கோப்பு என்றால் பல பேர் கைக்குப் போகும்.

என் பெயர் ராமாமணி. வீடு கணபதியில். துடியலூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடுவேன். வேலை, அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னல். என் பீரோவின் கீழ்த்தட்டில், ஆர்.எஸ்.புரத்தில் பட்டுச்சேலை எடுத்தபோது கொடுத்த பெட்டிக்குள் அறுபத்திரண்டு அடையாள அட்டைகள் இருந்தது உண்மை. வருட வாரியாக, துறை வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்ததும் உண்மை. அவை அங்கே எப்படி வந்தன என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் என் ஜன்னலின் வரிசை மாடிப்படி வரைக்கும் நிற்கும். பஸ் பாஸ், படிப்புச் சான்று, கட்டண ரசீது, கல்விக்கடனுக்கான கடிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போக வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் செல்போனுக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசியில் என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தொலைந்த அடையாள அட்டைக்கு மாற்று அட்டை கொடுப்பது.

அது சில்லறை வேலை என்று நினைத்துவிடக்கூடாது. கழுத்தில் அட்டை தொங்காவிட்டால் வாசலில் காவலாளி சுப்பண்ணன் உள்ளே விடமாட்டார். லேப் கிடையாது, லைப்ரரி கிடையாது, பரீட்சை கிடையாது. மாற்று அட்டைக்கு விண்ணப்பக் கடிதம், வகுப்பாசிரியர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, போலீஸ் இணையதளத்தில் எடுத்த ரசீது, இத்தனையும் முடிந்தபின் நான். கடிதத்தில் ‘என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன்’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். பழைய விதிகளில் அந்த வரி கிடையாது, நான்தான் சேர்த்தேன். தப்பு யாருடையது என்று எழுதி வாங்காமல் பொருளைத் தூக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் எப்போது திருந்துவது? அபராதம் நேராக வங்கிக்குப் போய்விடும், அதில் என் விரல் பட்டதில்லை. பணத்துக்காக என்று யாராவது பேசினால் தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது, அவர்கள் நின்று பேசுவதுதான். மெக்கானிக்கல் பையன் ஆல்வின் ஒரே வருடத்தில் மூன்று முறை தொலைத்தான். முதல் முறை ஆழியாறு. இரண்டாம் முறை அத்தை வீட்டுக் கல்யாணம். மூன்றாம் முறை அவன் சொன்ன கதையில் ஓர் எருமை வந்தது. நான் குறுக்குக்கேள்வி கேட்கக் கேட்க அந்த எருமை காணாமல் போய், அதற்குப் பதிலாக ஷ்ரவ்யா என்ற பெண்ணின் ஸ்கூட்டர் வந்தது. பெற்றவர்களிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். அட்டை கழுத்தில் இருக்கிற பிள்ளை என்னைக் கண்டால் ஒரு வணக்கம் வைக்காது. அதே பிள்ளை அட்டை இல்லாத அன்றைக்கு ஜன்னலில் குனிந்து "மேடம், சாப்டீங்ளா" என்று கேட்கும். என் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை, தொலைக்காட்சி மட்டும்தான்.

போன ஜூன் மாதம் நிர்வாக அலுவலர் சுந்தரராஜுலு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, மாசத்துக்கு நாலு கார்டுகூடத் தொலையறதில்லீங்க. அதுக்கு ஒரு ஜன்னலு, ஒரு ஆளு வெச்சிருக்கறம். டிசம்பர் வரைக்கும் பாப்பமுங்க. அப்பறம் நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போயிருங்க. அங்க பேன் இருக்குதுங்க" என்றார்.

பேன் இருக்கிறது, வாஸ்தவம். ஜன்னல் இல்லை. விடைத்தாள் கட்டுகளும் துடைப்பங்களும் ஒரு கிழட்டுப் பூனையும் இருக்கின்றன. ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் பூனைதான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நான் எதையும் எடுக்கவில்லை. கீழே கிடந்த அட்டைகள் என்னிடம் வரும். பஸ் டிரைவர் கொண்டுவருவார், கேன்டீன்காரர்கள் கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் கொண்டுவருபவர் சுப்பண்ணன்தான். காலையில் வாசலைக் கூட்டும்போது கிடைத்தால் துடைத்து எடுத்துவந்து, "அம்மிணி, புள்ள தேடுமுங்க, வெரசாக் கூப்புட்டுக் குடுத்துருங்க" என்று வைத்துவிட்டுப் போவார். முன்பெல்லாம் உடனே போன் போட்டுப் பிள்ளையை வரச்சொல்வேன். ஜூனுக்குப் பிறகு ஒரு வாரம் பொறுத்தேன். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் பிள்ளை பதறிப்போய் விண்ணப்பம் கொடுத்துவிடும், மாற்று அட்டை அச்சாகிவிடும், பழைய அட்டைக்கு வேலை இல்லாமல் போய்விடும். வேலை இல்லாத அட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆகஸ்டில் எண்ணிக்கை பதினொன்று ஆனது. சுந்தரராஜுலு புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். செப்டம்பரில் கீழே விழுவது குறைந்துவிட்டது. பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் டெக்ஸ்டைல் துறையின் லேப் என் கண்ணில் பட்டது.

உங்களுக்குத் தெரியும், நூற்பு இயந்திரம் ஓடுகிற லேபுக்குள் கழுத்தில் நாடாவோடு போகக்கூடாது. சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அதனால் வாசலில் பலகை அடித்து, வரிசையாக முப்பது ஆணி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அட்டைகளைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். பதினோரு மணிக்கு நான் டீ குடிக்கப் போகிற வழியும் அதுதான். ஆணியிலிருந்து எடுத்தேன் என்று எழுதினால் திருட்டு மாதிரித் தெரியும். சில அட்டைகள் ஆணியின் நுனியில் தொங்கும், காற்றடித்தால் விழுந்துவிடும். எப்படியும் விழப்போவதை முன்கூட்டியே எடுத்து வைத்தேன். வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. அக்டோபர் முடியும்போது சுந்தரராஜுலு, "இந்த வருசம் பசங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்கக்கா, ஒருத்தனுக்கும் ஞாபகமே இல்ல" என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

இனி மதிவதனி. நீங்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கடைசி வருட டெக்ஸ்டைல். நாலு வருடத்தில் ஒரே அட்டை. மூலை மடங்காமல், உறை மங்காமல், நேற்று வாங்கியது போல வைத்திருந்தாள். என் ஜன்னலுக்கு ஒரு முறைகூட வராத பெண். அவளுடைய அம்மா பழனியாத்தாள் ஒரு மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவள். மகளுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டால் அந்த அம்மாள் மில்லுக்குப் போவதை நிறுத்திவிடலாம். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனி, எழுத்துத் தேர்வு, குழுத் தேர்வு எல்லாம் முடித்து, கடைசி நேர்முகத் தேர்வுக்கு நம் கல்லூரியிலிருந்து அவள் ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருந்தது. நவம்பர் பதிமூன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. ஆதாரோடு கல்லூரி அடையாள அட்டையும் அசலாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். வகுப்பில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், என் காதிலும் விழுந்தது.

நான் யோசித்தது இதுதான். ஆல்வின் தொலைத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவன் தலையையே தொலைத்தாலும் எங்கேயாவது தேடிக்கொள் என்பார்கள். ஆனால் மதிவதனி மாதிரி ஒழுங்கான பிள்ளையே தொலைக்கிறாள் என்றால், தொலைவது யாருக்கும் நடக்கும், மூன்றாம் ஜன்னல் கட்டாயம் வேண்டும் என்று டிசம்பர் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய அட்டையை எடுத்தேன். அது ஆணியின் நுனியில் இல்லை, உள்ளே தள்ளி நன்றாகவே மாட்டியிருந்தாள். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அன்று மதியமே வந்துவிட்டாள். கையெழுத்துகள், போலீஸ் ரசீது எல்லாம் சரியாக இருந்தன. மார்ஜின்கூட மடித்திருந்தாள். கவனக்குறைவு என்ற வரி மட்டும் இல்லை. எழுதச் சொன்னேன்.

"நான் தொலைக்கலீங்க மேடம். ஆணில மாட்டிப்போட்டுத்தானுங்க உள்ள போனேன். வந்து பாத்தா இல்லீங்க. யாரோ எடுத்திருக்காங்க. செய்யாததை எப்படீங்க எழுதறது?"

குரலை உயர்த்தவில்லை. அந்த வரி இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க விதியில்லை என்று நானும் குரலை உயர்த்தாமல் சொன்னேன். செவ்வாய்க்கிழமை துறைத்தலைவரின் சிபாரிசோடு வந்தாள். அந்த வரி அதிலும் இல்லை. புதன்கிழமை நாலு மணிக்கு வந்து, ஜன்னல் விளிம்பிலேயே தாளை வைத்து, ‘என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் மூன்றரை மணிக்கு மேல் வந்த விண்ணப்பத்துக்கு அடுத்த வேலை நாளில்தான் அட்டை அச்சாகும். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, நகல் என்று சிவப்பில் அச்சடித்த புது அட்டை தயாராக இருந்தது. காலையில் கம்பெனி வாசலில் கல்லூரிக் கடிதத்தைக் காட்டிப் பார்த்திருக்கிறாள். அசல் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய இடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டது.

புது அட்டையை வாங்க அம்மாவையும் கூட்டிவந்தாள். பழனியாத்தாள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்ததால் தலையில் பஞ்சுத் தூசி இருந்தது. வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். ஜன்னலுக்குள் என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, இனி யாரையுங் கேட்டுப் பிரயோசனமில்லீங்க. என்ற புள்ள பொய் சொல்லாதுங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம, நான் ஆனமலைக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தர்றனுங்க" என்றாள்.

ஆனைமலை மாசாணியம்மனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோப்பைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். பொருளைப் பறிகொடுத்து, எடுத்தது யாரென்று தெரியாமல் நிற்கிறவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். எடுத்தவர் உடம்பு எரியும், தொண்ணூறு நாளுக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. தெரிந்ததும் திரும்பப் போய் எண்ணெய்க்காப்பு செய்து அம்மனைக் குளிரவைக்க வேண்டும். எங்கள் குடும்பமும் போகிற கோயில்தான்.

கையில் கட்டோடு ஒருத்தி தனியாக எப்படி மிளகாய் அரைப்பாள் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கூடப் போனேன். உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, பத்து மணிக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். அங்கே இருக்கும் ஆட்டுக்கல்லில் மிளகாயை நான்தான் அரைத்தேன். ஒப்புக்கு அரைத்தால் திப்பி திப்பியாக நிற்கும், பூசினால் உதிர்ந்துவிடும். விழுதாக வரும்வரை அரைத்தேன். பழனியாத்தாள் இடது கையால் அள்ளிப் பூசிக்கொண்டே, "எடுத்தவிய கண்ணு எரியோணும் தாயே, எம்புள்ள அழுத அழுகைய அவியளும் அழுகோணும்" என்று வேண்டினாள். நானும் கைகூப்பி நின்றேன். எனக்குப் பயமில்லை. எடுத்தவர் என்றால் திருடியவர். நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பவள். அம்மனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்.

திரும்பும்போது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அவள்தான் டீ வாங்கிக் கொடுத்தாள். மிளகாய் அரைத்த என் கை காந்திக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர் வாங்கி என் விரல்களில் ஊற்றினாள். "பெரிய உத்தியோகத்துல இருக்கறவிய, எனக்காக வந்து கல்லு முன்னால குந்தீட்டீங்க. நீங்க என்ற கூடப்பொறந்தவ மாதரங்க" என்று சொல்லி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, சார்.

அடுத்த வாரம் கல்லூரிக்கு மெட்ராஸ் ஐ வந்தது. மொத்தம் பதினொரு பேருக்குக் கண் சிவந்தது. ஆல்வினுக்கு வந்தது, கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு வந்தது, கேன்டீனில் இரண்டு பேருக்கு வந்தது. சுப்பண்ணனுக்கும் வந்தது. நாங்கள் ஆனைமலை போய்வந்த விஷயத்தைக் கேன்டீனில் நான்தான் சொன்னேன். போனதைப் போனேன் என்றுதானே சொல்ல முடியும். கேட்டவர்கள் பதினொரு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கும் அட்டைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் சுப்பண்ணன் கையில் அவ்வப்போது யாருடைய அட்டையாவது இருக்கும், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவை என்னிடம் கொடுக்க எடுத்துவந்தவை என்பதை நான் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நம் ஊரில் யாரும் ஒருவரை முகத்துக்கு நேராகத் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிடுவார்கள். பதினாலு வருடமாக வாசலில் நிற்கிறவரைக் கடந்து ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள் அட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் சுப்பண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். சிவந்த கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, நீங்க அந்த அம்மாகூடப் போனீங்ளாமா. நான் எடுக்கலீன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லோணுமுங்க. நான் கொண்டாந்து குடுக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

அம்மன் காரியத்தில் நான் எப்படிக் குறுக்கே பேசுவது என்று சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரொம்ப மெதுவாக, "எங்கயாச்சும் தெரியாம எடுத்துப்போட்டு மறந்திருப்பனுங்ளா அம்மிணி? வயசாச்சு பாருங்க" என்று கேட்டார். அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை, அப்படி நடக்கக்கூடியதுதான் என்றேன். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் அம்மன் கோபமும் ஆறும், கண்ணும் ஆறும் என்று வழி சொன்னேன். அவருக்கு எழுத வராது. நானே எழுதினேன். மாணவி மதிவதனியின் அட்டை என் கவனக்குறைவால் தொலைந்தது என்று ஒரே வரி. மடிப்பைத் தாண்டாமல் கையெழுத்துப் போட்டார். அவரைப் போல ஒரு கேள்வி கேட்காமல் அந்த வரியை ஏற்றுக்கொண்டவர் இத்தனை வருடத்தில் யாருமில்லை.

அந்தக் கடிதத்தை வைத்து சுந்தரராஜுலு அவரை வேலையைவிட்டு நிறுத்தினார். "கண்ணு ஆறட்டும், கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். உத்தரவைத் தட்டச்சு செய்தது நான். போகும்போது தன் ஊழியர் அட்டையைக் கழற்றி என்னிடம் ஒப்படைத்தார். போட்டோவில் மீசை கறுப்பாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று விதியில் தெளிவாக இல்லை. பெட்டியில் வைத்தேன். பிப்ரவரி வரைக்கும் எத்தனையோ மாணவர் அட்டைகள் அதில் சேர்ந்தன, ஆனாலும் ஊழியர்கள் கடைசியில்தான் வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதை அடியில் மாற்றி வைத்தேன். அதுதான் உங்கள் பட்டியலில் அறுபத்திரண்டாவது அட்டை.

பழனியாத்தாள் டிசம்பரில் ஆனைமலை போய் எண்ணெய்க்காப்பு செய்துவிட்டு வந்து எனக்கும் பிரசாதம் கொடுத்தாள். டிசம்பர் கூட்டத்தில் மூன்றாம் ஜன்னல் தொடரலாம் என்று முடிவானது. புது நாற்காலியும் கொடுத்தார்கள். மதிவதனிக்குப் பிறகு வந்த இரண்டு கம்பெனிகளும் சரிப்படவில்லை. மே மாதம் படிப்பு முடிந்ததும் அம்மா வேலை பார்க்கும் மில்லிலேயே சேரப்போகிறாள் என்று கேள்வி. சுப்பண்ணன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லையாம்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி எனக்குக் கண் சிவந்தது. ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன். இருபத்தேழு வருடத்தில் சேர்ந்தாற்போல ஐந்து நாள் எடுத்தது அதுதான் முதல் முறை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பிள்ளைக்கு அவசரமாக அட்டை வேண்டியிருக்க, மாற்றுச் சாவி போட்டு என் பீரோவைத் திறந்திருக்கிறீர்கள். மேலே இருந்தது மதிவதனியின் அட்டை.

நவம்பர் பதினான்கிலிருந்து எண்ணினால் என் கண் சிவந்தது எண்பத்தொன்பதாம் நாள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இன்று நான் வந்தபோது யாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. இதெல்லாம் வீண் பேச்சு, சார். இது கிருமியால் வருவது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வந்திருக்கிறது. படித்தவர்கள் நாமே இப்படிப் பேசலாமா? சுப்பண்ணன் விஷயம் வேறு.

அதையும் நேராகவே எழுதிவிடுகிறேன். அறுபத்தோரு மாணவர் அட்டைகளையும் ஒளித்து வைத்தது நான். மதிவதனியின் அட்டையை ஆணியிலிருந்து எடுத்தது நான். அவள் ஜன்னலில் வந்து நின்ற மூன்று நாளும் அது என் முழங்காலுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுப்பண்ணன் எதையும் எடுக்கவில்லை என்று தெரிந்தேதான் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் சொன்ன யோசனையை மறக்கவில்லை. "கடைசில, என் கவனக்குறைவால் நடந்ததுன்னு ஒரு வரி போட்டுருங்க மேடம். அலட்சியம்னு ஆயிட்டா ஒரு எச்சரிக்கையோட போயிருமுங்க" என்றீர்கள். உங்கள் நல்ல மனசு தெரிகிறது. ஆனால் அந்த வரியை மட்டும் என்னால் எழுத முடியாது, சார். இருபத்தேழு வருடத்தில் நான் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை.